ஐந்துக்கு ஒன்று அளவில் வி-2: குழுவாக ஒரு பெரிய மாதிரி ராக்கெட் கட்டும் வழி

பெரிய மாதிரி ராக்கெட் என்றதும் பெரும்பாலான குழுக்கள் நிலவுக்கு மனிதர்களை ஏற்றிச்சென்ற சாட்டர்ன் 5-இல் போய் நிற்கும். முதல் முயற்சிக்கு அது வேண்டாம். 110 மீட்டர் உயரத்துக்கு அதன் துடுப்புகள் மிகச் சிறியவை. அளவு மாறாமல் சுருக்கினால் அந்தத் துடுப்புகளை நம்பிப் பறக்க முடியாது. அடியில் ஐந்து மோட்டார்களை ஒரே நொடியில் பற்றவைக்கிற தலைவலி வேறு. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி ஏவிய வி-2-வுக்கு ஒரே மோட்டார், நான்கு பெரிய துடுப்புகள், பாராசூட் வெளிவர உடல் பிரியும் ஒரே ஒரு இடம் போதும். உருவமும் யாருக்கும் பார்த்தவுடன் தெரியும்.

அசல் வி-2 ஏறத்தாழ 14 மீட்டர் நீளம், 1.65 மீட்டர் விட்டம், துடுப்பு முனைக்கு முனை 3.56 மீட்டர். 1:5 அளவில் இது 2.8 மீட்டர் நீளம், 330 மி.மீ. விட்டம், 712 மி.மீ. துடுப்பு அகலம் என்று வரும். இரண்டு துண்டாகப் பிரித்தால் ஒரு வேனுக்குள் அடங்கும். ஐந்தாறு பேர் வார இறுதிகளில் மட்டும் உட்கார்ந்தால் ஆறு மாத வேலை.

அதற்கு முன் அதே வரைபடத்தை 1:20-க்குச் சுருக்கி, 70 செ.மீ. நீளத்தில் அட்டையிலும் பால்சா மரத்திலும் ஒன்று செய்து பறக்கவிடுங்கள். இரண்டு வார வேலைதான். நேராகப் பறக்கிறதா என்பதோடு, குழுவில் யாருக்கு எந்த வேலை கைவரும் என்பதும் அதில் தெரிந்துவிடும்.

எந்த வி-2?

"வி-2" என்று பொதுவாக ஒன்றைக் கட்ட முடியாது. தேதியும் எண்ணும் உள்ள ஒரு குறிப்பிட்ட ராக்கெட்டைத் தேர்ந்தெடுத்து, அதன் புகைப்படங்களை மட்டும் சேகரியுங்கள். 1942 அக்டோபர் 3 அன்று ஜெர்மனியின் பீனமுண்டேயிலிருந்து முதன்முதலாக வெற்றிகரமாகப் பறந்தது ஒன்று. 1946 அக்டோபர் 24 அன்று அமெரிக்காவின் வைட் சாண்ட்ஸிலிருந்து கிளம்பி, விண்வெளியிலிருந்து பூமியின் முதல் புகைப்படத்தை எடுத்தது இன்னொன்று. 1950 ஜூலையில் கேப் கனாவரலிலிருந்து ஏவப்பட்ட முதல் ராக்கெட்டான பம்பர் 8-உம் உண்டு. அதன் தலையில் இரண்டாம் கட்டமாக வாக் கார்ப்பரல் என்ற சிறிய ராக்கெட் இருக்கும் என்பதால் புதியவர்களுக்குச் சிக்கல் கூடும். போர்க்கால வி-2-க்களைச் சிறைமுகாம் கைதிகளைக் கொண்டு நிலத்தடியில் கட்டினார்கள். அதனால் பலர் ஆராய்ச்சிக்குப் பறந்த ராக்கெட்டுகளின் வண்ணத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள். முடிவு உங்களுடையது, ஆனால் மரத்தை அறுக்கும் முன்பே எடுத்துவிடுங்கள். பாதி ஒரு ராக்கெட்டின் படமும் பாதி வேறொன்றின் படமும் கலந்தால் பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான்.

எடைக் குறிப்பேடு

குழுவில் முதலில் நியமிக்க வேண்டியவர் எடைக்கணக்குக்காரர். இரண்டு தராசுகள் அவரிடம் இருக்கட்டும்: 5 கிலோ வரை கிராம் கணக்கில் காட்டுவது ஒன்று, 50 கிலோ வரை தூக்கிப் பார்க்கும் தொங்கு தராசு ஒன்று. ஒட்டப்படும் ஒவ்வொரு துண்டும் ஒட்டும் முன்பு அவர் தராசில் ஏற வேண்டும். பசைக்கும் பெயிண்டுக்கும் விலக்கு கிடையாது. துண்டின் பெயர், எடை, மூக்கு நுனியிலிருந்து தூரம் என்று குறிப்பேட்டில் மூன்று பத்திகள் போதும்.

ராக்கெட் நேராகப் பறக்க, அதன் ஈர்ப்பு மையம் காற்றழுத்த மையத்துக்கு (காற்றின் விசை மொத்தமும் குவிவதாகக் கொள்ளும் புள்ளிக்கு) முன்னால் இருக்க வேண்டும். குறைந்தது உடலின் ஒரு விட்டம் அளவு, நம் கணக்கில் 330 மி.மீ., முன்னால். வி-2 குட்டையான, பருத்த உருவம். மோட்டார், துடுப்பு, வளையங்கள் என்று கனமானவை எல்லாம் வாலில் குவிகின்றன. மூக்கில் எடை சேர்க்காமல் இது பறக்காது. எவ்வளவு என்பதுதான் கேள்வி.

காற்றழுத்த மையத்தை ஓப்பன்ராக்கெட் என்ற இலவச மென்பொருள் கணக்கிட்டுத் தரும். அது மூக்கிலிருந்து 1.95 மீட்டரில் வந்தது என்று வைத்துக்கொள்வோம். மோட்டாரோடு சேர்த்து ராக்கெட்டின் எடை 21 கிலோ, ஈர்ப்பு மையம் 1.80 மீட்டரில். அதை 1.62-க்குக் கொண்டுவர வேண்டும். மூக்கு நுனியிலிருந்து 35 செ.மீ. தள்ளி எடை வைக்கிறோம்.

21 கிலோவை 18 செ.மீ. முன்னே இழுக்க வேண்டும்: 21 × 0.18 = 3.78. மூக்கு எடை புது மையத்திலிருந்து 1.27 மீட்டர் முன்னால் இருக்கிறது. 3.78-ஐ 1.27-ஆல் வகுத்தால் 2.98, அதாவது 3 கிலோ. மொத்தம் 24 கிலோ ஆகிறது.

இதே கணக்கில், வால் பக்கம் 2.6 மீட்டரில் நீங்கள் அசட்டையாக ஒரு கிலோ கூட்டினால், அதை ஈடுகட்ட மூக்கில் இன்னொரு முக்கால் கிலோ வேண்டும். ராக்கெட் ஒன்றே முக்கால் கிலோ கனத்துவிடும். எபாக்ஸியைத் தாராளமாக ஊற்றுகிறவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள், கை தானாகக் குறுகும்.

மூக்கு எடை முழுவதும் ஈயமாக இருக்க வேண்டியதில்லை. உயரத்தை அளந்து பாராசூட்டை விடுவிக்கும் ஆல்டிமீட்டர்கள், பேட்டரிகள், இருப்பிடம் காட்டும் டிராக்கர், கேமரா எல்லாவற்றையும் மூக்குக்குக் கொண்டுபோய்விட்டால் அரை கிலோ வரை வேலை செய்கிற எடையாகவே கிடைக்கும். மிச்சத்துக்கு எஃகுத் தட்டுகளை ஒரு நீளமான போல்ட்டில் கோத்துப் பூட்டுங்கள். எபாக்ஸியில் குழைத்த ஈயக் குண்டுகளை ஊற்றினால் பிறகு கூட்டவோ குறைக்கவோ முடியாது.

மோட்டார்

அசையாத விதி இது: மோட்டாரைத் தயாரிக்காதீர்கள். சான்றளிக்கப்பட்ட மோட்டாரை வாங்குங்கள். ஏவும்போது 24 கிலோ என்பது 235 நியூட்டன். சராசரி உந்துவிசை அதைப் போல ஐந்து மடங்கு, அதாவது 1,180 நியூட்டனுக்குக் குறையாமல் இருக்கட்டும். மோட்டார்களை மொத்த உந்தத்தின்படி ஆங்கில எழுத்துகளால் வகைப்படுத்துகிறார்கள். 75 மி.மீ. விட்டத்தில் எல் வகை மோட்டார், சராசரி 1,400 நியூட்டன், மொத்தம் 4,600 நியூட்டன்-நொடி என்பது சரியாகப் பொருந்தும். மூன்றேகால் நொடி எரியும். ராக்கெட் 700 முதல் 800 மீட்டர் வரை ஏறும், உச்சியைத் தொட 13 நொடி ஆகும்.

இன்னும் உயரம் போகலாமே என்று எம் வகைக்குத் தாவ ஆசை வரும். எல் வகை வரை ராக்கெட் சங்கங்கள் தரும் இரண்டாம் நிலைச் சான்றிதழ் போதும், எம் வகைக்கு மூன்றாம் நிலை வேண்டும். பாதுகாப்புத் தூரங்களும் கூடுகின்றன. வி-2-வுக்கு அழகே தரையைவிட்டு மெதுவாக எழும்புவதில்தான் இருக்கிறது.

குழுவில் ஒருவருக்காவது இரண்டாம் நிலைச் சான்றிதழ் இருக்க வேண்டும், மோட்டார் அவர் பொறுப்பு. வேலை தொடங்கிய அன்றே ஏவுமிடம், வான்வெளி அனுமதி, மோட்டாரை வைத்திருக்கும் சட்டம் மூன்றையும் விசாரித்துவிடுங்கள். உங்கள் நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி ஏற்கெனவே உள்ள ராக்கெட் சங்கத்தின் ஏவுநாளில் சேர்ந்துகொள்வதே சுலபம்.

எலும்புக்கூடு

படகு கட்டுவதைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு முதுகெலும்பு, அதன் மேல் வளையங்கள், வளையங்களின் மேல் நெடுக்குச் சட்டங்கள், அதற்கு மேல் தோல்.

வால் பகுதியின் முதுகெலும்பு 75 மி.மீ. மோட்டார் நுழையும் ஃபைபர் கிளாஸ் குழாய். அதற்கு முன்னால் 150 மி.மீ. விட்டத்தில், 700 மி.மீ. நீளத்தில் ஒரு பாராசூட் குழாய். 330 மி.மீ. உடல் முழுவதையும் பாராசூட் அறையாக விடாதீர்கள். பாராசூட்டை வெளியே தள்ள, அவ்வளவு கொள்ளளவை அழுத்தத்தால் நிரப்ப நிறைய வெடிமருந்து வேண்டும், அந்த அழுத்தம் பெரிய தட்டின் மேல் விழுந்து கட்டமைப்பைப் பிய்த்துவிடும். சின்னக் குழாய்க்குச் சின்ன மருந்து போதும்.

வளையங்களுக்கு 6 மி.மீ. பிர்ச் பிளைவுட். நடுவில் உள்ள வளையங்களில் ஓட்டைகள் போட்டு எடையைக் குறைக்கலாம். மோட்டாரின் உந்துவிசையைத் தாங்கும் வளையத்தையும், பாராசூட் கயிறு மாட்டும் தட்டையும் மட்டும் தொடாதீர்கள். கயிறு மாட்டும் தட்டை இரண்டு பிளைவுட் ஒட்டி 12 மி.மீ. ஆக்கி, 8 மி.மீ. யு-போல்ட் பூட்டி, நட்டுக்கு அடியில் அகல வாஷர் போடுங்கள்.

வளையங்களைக் கோத்து நிறுத்தும்போது எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் இருக்கிறதா என்பதைக் கண்ணால் நம்பாதீர்கள். குழாயைக் கிடைமட்டமாக இரண்டு தாங்கிகளில் வைத்து மெல்லச் சுழற்றுங்கள். ஒவ்வொரு வளையத்தின் விளிம்புக்கு அருகிலும் ஒரு பென்சிலை அசையாமல் பிடித்தால், வளையம் சாய்ந்திருக்கும் இடத்தில் இடைவெளி கூடிக் குறையும். பசை இறுகும் முன் தட்டிச் சரிசெய்யலாம். இறுகிய பிறகு தெரிந்தால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

நெடுக்குச் சட்டங்கள் 16, ஒவ்வொன்றும் 6 × 6 மி.மீ. பைன். அவற்றுக்கு இடையே பாலிஸ்டைரீன் நுரைப் பலகையை வெட்டி இட்டு, நீளமான தேய்ப்புக் கட்டையால் வளைவாகத் தேய்க்க வேண்டும். அதன் மேல் சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள கண்ணாடியிழைத் துணி, இரண்டு அடுக்கு. உடலின் பரப்பு இரண்டரைச் சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. துணியின் எடைக்குச் சமமாகப் பிசின் குடித்தால் தோல் மட்டும் 1.9 கிலோ. பிசினை ஊற்றிவிட்டு வழிக்காமல் விட்டால் இது எளிதாக 3 கிலோ ஆகும். ரப்பர் தகட்டால் வழித்து எடுங்கள். துணியின் நெசவு கண்ணுக்குத் தெரிய வேண்டும், மேலே பளபளப்பாகப் பிசின் நின்றால் அதிகம் என்று பொருள்.

இங்கே இரண்டு விபத்துகள் சகஜம். ஒன்று, படகுக்காரர்கள் பயன்படுத்தும் பாலியெஸ்டர் பிசினைத் தடவிவிடுவது. அது பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும், மறுநாள் தோலுக்கு அடியில் பள்ளம்தான் இருக்கும். எபாக்ஸி மட்டுமே. இன்னொன்று, நேரம் மிச்சம் என்று ஒரே டப்பாவில் அரை கிலோ எபாக்ஸியைக் கலப்பது. குவியலாக இருக்கும் எபாக்ஸி தன் சூட்டிலேயே கொதித்து, புகைந்து, டப்பாவை உருக்கும். 150 கிராமுக்கு மேல் ஒரு தடவையில் கலக்காதீர்கள், கலந்ததை அகலமான தட்டில் ஊற்றுங்கள். கையுறை, காற்றோட்டம் கட்டாயம். தேய்க்கும்போது தூசி முகமூடியும் வேண்டும்.

துடுப்புகள்

நான்கு துடுப்புகளுக்கும் நடுவில் 3 மி.மீ. பிளைவுட் முதுகு, இருபுறமும் நுரை, மேலே ஓர் அடுக்குக் கண்ணாடியிழை. அந்தப் பிளைவுட் தோலோடு நின்றுவிடாமல், தோலைத் துளைத்து உள்ளே போய் மோட்டார் குழாயைத் தொட்டு ஒட்ட வேண்டும். தோலில் மட்டும் ஒட்டிய துடுப்பு முதல் தரையிறக்கத்திலேயே கழன்றுவிடும்.

நான்கையும் சரியாக 90 பாகையில் வைப்பதற்கு: உடலின் உருளைப் பகுதியைச் சுற்றி ஒரு காகிதப் பட்டையை ஒட்டினாற்போல் சுற்றி, முனைகள் சந்திக்கும் இடத்தில் வெட்டுங்கள். நீளம் 1,037 மி.மீ. அளவுக்கு வரும். அதை நான்காக மடித்தால் 259 மி.மீ. மடிப்புக் கோடுகளை உடலில் குறித்து, எல் வடிவ அலுமினியச் சட்டத்தை உடலோடு ஒட்டிவைத்துக் கோட்டை வால் வரை இறக்குங்கள். வால் குறுகும் இடத்தில் சட்டம் தோலைத் தொடாது, அங்கே ஒரு சின்ன மட்டப்பலகையின் உதவி வேண்டும். ஒரு துடுப்பு ஒரு பாகை முறுகியிருந்தாலும் ராக்கெட் சுழன்றுகொண்டே ஏறும். கறுப்பு-வெள்ளைக் கட்டங்கள் அதை ஊருக்கே காட்டிக்கொடுக்கும். அசல் ராக்கெட்டில் அந்தக் கட்டங்களைப் பூசியதே சுழற்சியைப் படத்தில் பார்ப்பதற்காகத்தான்.

தரையில் முதலில் முட்டுவது துடுப்பின் கீழ் மூலை. அங்கே நுரைக்குப் பதிலாகக் கெட்டி மரத்துண்டு வைத்துவிடுங்கள்.

பாராசூட்டும் மின்னணுவும்

ராக்கெட் இரண்டாகப் பிரியும் இடம் ஒன்றுதான்: மூக்கு வளைவு முடிந்து, உருளைப் பகுதி தொடங்கிச் சுமார் 10 செ.மீ. கீழே. வளைவிலேயே பிரிக்காததற்குக் காரணம் உண்டு. மூக்குத் துண்டில் இருக்கும் ஆல்டிமீட்டர், தோலில் போட்ட துளைகள் வழியே வரும் காற்றழுத்தத்தை வைத்து உயரத்தைச் சொல்கிறது. வளைந்த தோலின் மேல் ஓடும் காற்று வேகத்துக்கேற்ப அழுத்தத்தை மாற்றிவிடும், ஆல்டிமீட்டர் பொய்க் கணக்குப் போடும். அதனால் துளைகள் உருளைப் பகுதியில், சம இடைவெளியில் நான்கு. அருகில் திருகோ முண்டோ இருக்கக்கூடாது.

ஆல்டிமீட்டர்கள் இரண்டு, வெவ்வேறு பேட்டரி, வெவ்வேறு சுவிட்ச், வெவ்வேறு மருந்து. ஒரே பேட்டரியில் இரண்டு ஆல்டிமீட்டர் என்பது ஒன்றுக்குச் சமம். மின்னணு அறைக்கும் பாராசூட் குழாய்க்கும் இடையில் ஒரு ஊசித்துளை கூட இருக்கக்கூடாது. மருந்து வெடித்த வாயு உள்ளே கசிந்தால், ஆல்டிமீட்டர் தான் தரைக்கு வந்துவிட்டதாக நினைத்து, பெரிய பாராசூட்டை உச்சியிலேயே விடுவித்துவிடும்.

உச்சியில் சிறு பாராசூட் வெளிவரும்: 1.1 மீட்டர் விட்டம், நொடிக்கு 22 மீட்டர் வேகத்தில் இறங்கும். பெரிய பாராசூட் அதே நேரத்தில் வெளியே வந்தாலும் பைக்குள் கட்டப்பட்டிருக்கும். 200 மீட்டர் உயரத்தில் ஆல்டிமீட்டர் அந்தப் பையின் கட்டு அறுபடச் செய்யும். தட்டையான துணியில் தைத்த பாராசூட் என்றால் 4 மீட்டர் விட்டம் வேண்டும், நல்ல குவிவடிவப் பாராசூட் என்றால் 3 மீட்டர் போதும். வேகம் நொடிக்கு 6 மீட்டர். பெரியதை உச்சியிலேயே திறந்தால் என்ன? 750 மீட்டரிலிருந்து இறங்க இரண்டு நிமிடம் ஆகும். நொடிக்கு 5 மீட்டர் காற்றடித்தால் 600 மீட்டருக்கு மேல் தள்ளிப்போய் விழும். இரண்டு கட்டமாக இறக்கினால் 300 மீட்டருக்குள் முடிந்துவிடும்.

கயிறு 12 மி.மீ. கெவ்லார் நாடா, 12 மீட்டருக்குக் குறையாமல். குட்டைக் கயிறு போட்டால் மூக்கு வேகம் குறையும் முன்பே கயிறு முட்டி, பலமான வெட்டு விழும். எங்கே பலவீனமோ அங்கே பிய்யும்.

மூக்கை உடலோடு பிடித்திருப்பவை, மருந்து வெடிக்கும்போது அறுந்துவிடும் நான்கு எம்3 (3 மி.மீ.) நைலான் திருகுகள். இவை ஏன் தேவை என்று பலருக்குப் புரிவதில்லை. மோட்டார் அணைந்த நொடியில் பருத்த உடலைக் காற்று பலமாகப் பின்னுக்கு இழுக்கிறது. கனமான மூக்கு தன் வேகத்திலேயே முன்னே ஓடப் பார்க்கும். நம் ராக்கெட்டில் அந்த வேகக்குறைவு நொடிக்கு நொடி 19 மீட்டர். 5 கிலோ மூக்கு 95 நியூட்டன் விசையோடு கழன்றுகொள்ள இழுக்கும். திருகு இல்லாவிட்டால் நொடிக்கு 140 மீட்டர் வேகத்தில் பாராசூட் வெளியே வந்து கந்தலாகும்.

மருந்தின் அளவை ஆல்டிமீட்டர் கையேட்டில் சொன்ன முறைப்படி குழாயின் கொள்ளளவுக்குக் கணக்கிட்டு, தரையில் சோதித்துப் பாருங்கள். சோதனையில் மூக்கு எடை, பாராசூட், கயிறு, நைலான் திருகு எல்லாம் பறக்கும்போது இருப்பது போலவே இருக்க வேண்டும். ராக்கெட்டைத் திறந்தவெளியில் படுக்கவைத்து, மூக்குக்கு நேராக யாரும் இல்லாமல், கண்ணாடி போட்டு, நீளமான வயரால் இயக்குங்கள். மூக்கு இரண்டு மூன்று மீட்டர் தள்ளிப் போய் விழுந்து, பாராசூட் முழுவதும் வெளியே வந்திருந்தால் சரி. குழாய் வாயில் பாதி துருத்திக்கொண்டு நின்றால் மருந்தைக் கூட்டும் முன், பாராசூட்டை இறுக்கி அடைத்தீர்களா என்று பாருங்கள். பெரும்பாலும் குற்றம் மடிப்பில்தான் இருக்கும்.

வண்ணம்

பள்ளம் நிரப்ப வாகனப் புட்டி வேண்டாம், அது கனம். எபாக்ஸியில் மைக்ரோபலூன் தூளை (உள்ளே வெற்றிடமான நுண்ணிய உருண்டைகள்) குழைத்துப் பூசினால் லேசாகவும் தேய்க்கச் சுலபமாகவும் இருக்கும். மூன்று மீட்டர் தள்ளி நின்றால் கண்ணுக்குத் தெரியாத நுணுக்கத்தில் நேரத்தைக் கரைக்காதீர்கள். கதவுக் கோடுகளும் வரிசையான ஆணித்தலைகளும் தெரியும், அவற்றைச் செய்யுங்கள். வெள்ளையை முதலில் பூசி, இரண்டு நாள் காயவிட்டு, பிறகு நாடா ஒட்டிக் கறுப்பு. நாடா விளிம்பில் முதலில் மெல்ல வெள்ளையையே ஒருமுறை தெளித்தால் கறுப்பு அடியில் ஊறாது. பெயிண்ட் காய்ந்த பின் மறுபடி தராசு, மறுபடி ஈர்ப்பு மையம்.

ஏவும் நாள்

38 மி.மீ. ஏவு ரெயில், 3 மீட்டர் நீளமாவது வேண்டும். ராக்கெட் ரெயிலை விட்டு விலகும்போது நொடிக்கு 15 மீட்டர் வேகம் இருந்தால்தான் துடுப்புகள் வேலை செய்யும். நம் கணக்கில் 2.5 மீட்டர் ஓட்டத்தில் அது கிடைக்கிறது. ஆனால் மயிரிழையில். 4 மீட்டர் ரெயில் கிடைத்தால் விடாதீர்கள். ராக்கெட்டை ரெயிலோடு பிடித்திருக்கும் ரெயில் பட்டன்களில் ஒன்று வாலருகே, இன்னொன்று ஈர்ப்பு மையத்துக்கு அருகே, இரண்டும் ஒரே கோட்டில். கோடு விலகினால் நடுவழியில் இறுகி நிற்கும்.

எல் வகை ஒற்றை மோட்டாருக்கு அமெரிக்க ராக்கெட் சங்கத்தின் பாதுகாப்பு விதி 300 அடி, அதாவது 91 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்கிறது. காற்று மணிக்கு 32 கி.மீ.க்கு மேல் போனால் ஏவக் கூடாது என்பதும் அதே விதி. இந்த உருவத்துக்கு அதில் பாதிக் காற்றிலேயே நிறுத்திவிடுவது நல்லது.

வரிசை மாறக் கூடாது: ராக்கெட்டை ரெயிலில் ஏற்றி நிமிர்த்திய பிறகே ஆல்டிமீட்டர்களை இயக்குங்கள். இரண்டும் சரியான பீப் ஒலி கொடுத்த பிறகே பற்றவைப்பானைச் செருகுங்கள். பட்டியலை ஒருவர் உரக்க வாசிக்க, இன்னொருவர் செய்து "ஆச்சு" என்று சொல்லட்டும். மோட்டார் பற்றவில்லை என்றால் 60 நொடி யாரும் கிட்டே போக வேண்டாம்.

இறங்கிய பிறகும் ஓடிப்போய்த் தொடாதீர்கள். வெடிக்காத மருந்து உள்ளே இருக்கலாம். சான்றிதழ் உள்ளவர் பக்கவாட்டில் அணுகி, முதலில் படம் எடுத்து, ஆல்டிமீட்டரின் பீப் எண்ணைக் குறித்துக்கொண்டு, இரண்டு சுவிட்சையும் அணைக்கட்டும். மோட்டார் உறை சூடாக இருக்கும், அரை மணி நேரம் விடுங்கள். துடுப்பின் வேரில் விரலால் அழுத்திக்கொண்டே போனால், பெயிண்ட் உடையாத இடத்திலும் உள்ளே ஒட்டு விட்டிருந்தால் "டொக்" என்று கேட்கும். அந்த இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டு, வேனில் ஏற்றும் முன்பே குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள்.